பந்து யார்மேலும் படவில்லை

என் பெயர், கணவர் பெயர், கதவு எண், தெரு எல்லாம் பதினோரு நாட்களுக்கு முன்பு ஆஸ்பத்திரியில் வைத்து நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. அவற்றில் மாற்றம் இல்லை. அந்தத் தாளில் மாற்ற வேண்டாதவை அவை மட்டும்தான். வயது அறுபத்து நான்கு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. முன்பு இருபத்தாறு வருடம் ஒரு சலவைக் கூடத்தில் துணி தேய்க்கும் வேலை பார்த்தேன். இப்போது மகள் வீட்டில் இருந்துகொண்டு பேத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். பேத்திக்கு வயது ஆறு.

காவல் நிலைய எழுத்தர் மேடம், "நீங்க சொல்லுங்க பாட்டிம்மா, நான் எழுதிக்கறேன்" என்றார். நானே எழுதுகிறேன் என்று தாள் கேட்டு வாங்கினேன். முதல் தடவை நான் சொன்ன பொய்யை அவர் கை எழுதியது. இன்னொரு தடவை அவர் கைக்கு வேலை வேண்டாம். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதச் சொல்லியிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் இருக்கும் குடியிருப்பில் மூன்று மாடி, இருபத்து நான்கு வீடு. அங்கே என்னை ஜட்ஜம்மா என்பார்கள். மாடிப்படியில் செருப்பை விட்டது யார், யாருடைய துணியை யார் கொடியில் இருந்து தள்ளினார்கள், குழாயடியில் யார் முதலில் வந்தார்கள் என்று எந்தச் சண்டை வந்தாலும் என்னிடம் வருவார்கள். நான் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்வேன். அத்தோடு முடிந்துவிடும். சொந்த மகள் மேலேயே இரண்டு தடவை தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பெருமையாக இருந்தது என்பதும் உண்மைதான். ஆனால் இதை எழுதாவிட்டால், நான் சொன்ன ஒரு வார்த்தையை அன்றைக்கு ஏன் ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை என்பது அதிகாரிகளுக்குப் புரியாது.

எங்கள் தெருக்கோடியில் பூங்கா இருக்கிறது. உள்ளே போனதும் இடப்பக்கம் சிறுவர் பகுதி. அங்கே மணல், சறுக்குமரம், ஏறி விளையாடும் கம்பி வளைவு, நான்கு ஊஞ்சல்கள். வலப்பக்கம் கம்பிவலை போட்ட வாலிபால் மைதானமும் கூடைப்பந்து மைதானமும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் செடி வளர்த்திருக்கிறார்கள். பந்து அதைத் தாண்டி வரும், பார்வை தாண்டாது. நுழைவாயிலில் ஒரு பலகை இருக்கிறது. அதில் பதினொரு விதிகள். ஒன்பதாவது, பந்து விளையாட்டை மைதானத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. ஏழாவது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஊஞ்சலில் அமரக் கூடாது என்பது. பூங்காவுக்கு வருகிறவர்களில் அந்தப் பலகையை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்குப் படித்தும் காட்டியிருக்கிறேன். ஒருநாள் கல்யாணமான புதுசு போலத் தெரிந்த ஒரு ஜோடி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தது. "பலகையில என்ன போட்டிருக்கு, படிக்கத் தெரியாதா?" என்று கேட்டு எழுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அந்த வாரமே நான் ஊஞ்சலில் உட்கார ஆரம்பித்திருந்தேன்.

அது எப்படி ஆரம்பித்தது என்றால், நான்கு மாதத்துக்கு முன்பு ஊஞ்சல் சங்கிலி மாற்றினார்கள். குழந்தையை ஏற்றுவதற்கு முன்னால் புதுச் சங்கிலி தாங்குமா என்று பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். தாங்கியது. மறுநாளும் தாங்குகிறதா என்று பார்த்தேன். அதன் பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமலேயே உட்கார்ந்தேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஊஞ்சல் இல்லை. சலவைக் கூடத்திலும் இல்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை.

பூங்காவின் வாயிலை மூன்றரை மணிக்குத் திறப்பார்கள். திறந்ததும் காவலாளி பின்பக்கம் மோட்டார் அறைக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வருவார். அதற்குப் பதினைந்து நிமிடம் ஆகும். நானும் பேத்தியும்தான் தினமும் முதல் ஆள். அந்தப் பதினைந்து நிமிடம் என்னுடையது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். பேத்தி சறுக்குமரத்து உச்சியில் உட்கார்ந்து வாயிலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாராவது வந்தால், "பாட்டி, ஆளு" என்று சொல்ல வேண்டும். உடனே நான் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவைத்திருந்தேன். ஆறு வயதுக் குழந்தை தான் விளையாடாமல் எனக்குக் காவல் இருந்தது. மற்றக் குழந்தைகள் வந்த பிறகு ஊஞ்சல் கிடைப்பது கஷ்டம். அவளுக்கு நான்கு மாதத்தில் ஊஞ்சல் கிடைத்த நாட்கள் குறைவு. இதை எழுதும்போதுதான் அது எனக்கு உறைக்கிறது.

வாலிபால் விளையாடுகிறவர்களில் ஏணி என்று கூப்பிடப்படும் ஒருவர் இருக்கிறார். நல்ல உயரம். வயது முப்பதுக்குள் இருக்கும். மார்க்கெட்டுக்குப் பின்னால் டயர் கடையில் வேலை பார்க்கிறார். வேலை பார்த்துக்கொண்டே விளையாட்டு ஆசிரியருக்கான படிப்பைப் படித்து முடித்தவர். பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். சம்பவத்துக்கு இரண்டு வாரம் முன்பு இவர் அடித்த பந்து செடியைத் தாண்டி மணலில் விழுந்தது. நான் பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவரைப் பலகைக்கு முன்னால் நிறுத்தி எல்லாவற்றையும் படிக்கச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பள்ளிப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "பத்து முடிஞ்சுது பாட்டி. பதினொண்ணு நாய்க்கு. அதையும் படிக்கணுமா?" என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஏழாவதைப் படித்தபோது நான் முகத்தை எப்படி வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

சம்பவம் நடந்தது செவ்வாய்க்கிழமை. நானும் பேத்தியும் வழக்கம்போல வாயில் திறந்ததும் போனோம். காவலாளி மோட்டார் அறைக்குப் போனார். பேத்தி சறுக்குமரத்தில் ஏறினாள். நான் இடது ஓரத்து ஊஞ்சலில் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றவில்லை. மற்ற நாட்களில் கழற்றிவிட்டுத்தான் உட்காருவேன். அன்றைக்குத் தரை ஈரமாக இருந்தது. அந்தச் செருப்பு மகள் என் கால்வலிக்காக வாங்கிக் கொடுத்தது. கனமான அடிப்பாகம், பக்கத்தில் இரும்புக் கொக்கி. அதன் பிறகு ஆடத் தொடங்கினேன். செடிக்கு அந்தப் பக்கம் பந்து தட்டும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர் தனியாகப் பழகுகிறார் என்று நினைத்தேன். அது மேற்படி ஏணி என்பவர்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் வந்ததைப் பேத்தி சொன்னாளா இல்லையா என்று தெரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு ஆடினேன்.

அப்போது எங்கள் குடியிருப்பில் இருந்து நர்சம்மாவும் கீழ்வீட்டு அக்காவும் வாயிலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பேத்தி மேலே இருந்து, "பாட்டி, ஆளு" என்று சொல்லியிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவையும் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு சறுக்கிக்கொண்டு இறங்கி, என்னை நிறுத்துவதற்காக ஓடிவந்து ஊஞ்சலுக்கு முன்னால் நின்றுவிட்டாள். ஊஞ்சலுக்கு முன்னால் போகக் கூடாது என்று நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதை அவள் மறக்கவில்லை. வருகிறவர்கள் கண்ணில் நான் படக் கூடாது என்பதை அதைவிடப் பெரியதாக நினைத்துவிட்டாள்.

என் வலது கால் அவள் முகத்திலும் தோளிலும் பட்டது. அவள் பின்பக்கமாக விழுந்தாள். நான் கண்ணைத் திறந்தபோது அவள் விழுந்துகொண்டிருந்தாள். காலைத் தரையில் தேய்த்து ஊஞ்சலை நிறுத்தி இறங்கினேன். இடது புருவத்துக்கு மேல் ரத்தம் வந்தது. முதலில் அழவில்லை. "ஆளு பாட்டி" என்றாள். அதன் பிறகுதான் கத்தி அழுதாள்.

அதே நேரம் பந்து ஒன்று செடியைத் தாண்டி வந்து மணலில் விழுந்தது. எங்களுக்கும் பந்து விழுந்த இடத்துக்கும் பத்தடி இருக்கும். அது யார்மேலும் படவில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். பந்து விழுந்த பிறகு ஒரு தடவை எழும்பி, சறுக்குமரத்துக் காலில் தட்டி நின்றது.

பந்தை எடுக்கச் செடிச் சந்து வழியாக ஏணி வந்தார். என்னையும் கீழே கிடந்த குழந்தையையும் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "பாட்டி, என் பந்தா?" என்று கேட்டார்.

நான், "ஆமா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. ஆனாலும் கேள்விதான் அவருடையது. பதில் என்னுடையது. அந்த நேரத்தில் நர்சம்மாவும் கீழ்வீட்டு அக்காவும் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்கள் காதிலும் அந்த "ஆமா" விழுந்தது. எனக்குப் பின்னால் ஊஞ்சல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஏணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பூங்கா வாயிலில் நின்ற வண்டியை மறித்து, எங்களை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி போகும்வரை தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் குழந்தையின் நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்தார். "ஒண்ணும் இல்லடா கண்ணு. மாமாமேல தப்பு. மாமா இனிமே அப்படி அடிக்க மாட்டேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். குழந்தை என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் புருவத்துக்கு மேல் ஐந்து தையல் போட்டார்கள். தோள்பட்டை எலும்பில் விரிசல் என்று கையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். நர்சம்மா பின்னாலேயே வந்துவிட்டார். காயத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "பந்து பட்டா வீங்கும்க்கா. இப்படி வளைவா கிழியுமா?" என்று கேட்டார். நான், "நீங்க நர்சாத்தானே இருந்தீங்க, டாக்டரா இல்லையே" என்றேன். முப்பது வருடம் காயங்களைப் பார்த்த ஆளை ஒரு வார்த்தையில் வாயடைத்தேன். அதற்காகவும் இங்கே தலைகுனிகிறேன்.

சின்னக் குழந்தைக்கு அடிபட்டால் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வார்களாம். எழுத்தர் மேடம் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் பேத்தி என் காதில், "நான் சொல்ல மாட்டேன் பாட்டி" என்றாள். சொல்லாதே என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சமத்து என்று சொல்லித் தலையைத் தடவினேன். சொல்லாதே என்பதா, சமத்து என்பதா, எது பெரிய தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு வாக்குமூலம் கொடுத்தேன். பந்து வேகமாக வந்து குழந்தையின் நெற்றியில் பட்டதாகவும், இதே ஆளை இரண்டு வாரத்துக்கு முன்பே எச்சரித்ததாகவும் சொன்னேன். முதலாவது பொய். இரண்டாவது நிஜம். நிஜத்தை வைத்துப் பொய்க்கு முட்டுக்கொடுத்தேன். எழுதியதைப் படித்துக் காட்டுவதாக மேடம் சொன்னார். எனக்கே படிக்கத் தெரியும் என்று வாங்கிப் படித்தேன். "நெற்றி" என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைக் காட்டித் திருத்தச் சொன்னேன். மேடம், "பார்றா, பாட்டிம்மா எனக்கே பாடம் எடுக்கறாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு மேடம் குழந்தையிடம் என்ன நடந்தது என்று கேட்டார். பேத்தி, "பந்து மேலே இருந்து வந்துச்சு. விர்ருன்னு சத்தம் போட்டுக்கிட்டே வந்துச்சு. நான் நகர்ந்தேன், அதுவும் நகர்ந்துச்சு" என்று சொன்னாள். நான் சொன்னதைவிட அவள் சொன்னது நன்றாக இருந்தது. எவ்வளவு கோர்வையாகப் பேசுகிறாள் என்று அந்த நிமிடத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதலாமா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். எழுதத்தான் வேண்டும்.

ஏணியை அன்று சாயங்காலம் நிலையத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் எதையும் மறுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பந்து பட்டதை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "நான் பாக்கல சார். பாட்டி பாத்தாங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் எங்கள் குடியிருப்பில் மனு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு நிலையத்தில் கொடுத்து வாலிபால் மைதானத்தைப் பூட்ட வைத்தார்கள். அந்த மனுவில் முதல் கையெழுத்தை என்னிடம்தான் கேட்டார்கள். போட்டேன்.

வீட்டில் மகள், "செருப்பு எங்கம்மா? வெறுங்காலோட நடக்கறீங்க" என்று கேட்டாள். வார் அறுந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். வார் அறவே இல்லை. பழைய துணியில் சுற்றி, பரணில் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏணி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு வண்ணப் பென்சில் பெட்டி. சட்டை புதிது. பழையது ரத்தக் கறை போகவில்லை போலிருக்கிறது. சலவைக் கூடத்தில் இருந்தவள் என்பதால் அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. மகள் வாசலிலேயே நிறுத்தினாள். அவர் பெட்டியை நீட்டினார். மகள் அவர் கையைத் தட்டிவிட்டாள். பென்சில்கள் படியில் உருண்டன.

"எம் பொண்ணு கண்ணு போயிருந்தா, இதை வச்சு என்ன வரைவா?" என்று மகள் கேட்டாள்.

அவர் குனிந்து பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "பாட்டி, நீங்க அன்னிக்கே பலகையைப் படிக்க வச்சீங்க. நான்தான் விளையாட்டா எடுத்துக்கிட்டேன்" என்றார். அதன் பிறகு, "ஸ்கூலுக்கு நான் போகலன்னு சொல்லிட்டேன். குழந்தைங்க பக்கத்துல நான் நிக்கறது சரியில்ல. திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கள்வரைக்கும் யோசிங்கன்னாங்க. யோசிக்க என்ன இருக்கு?" என்றார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். மகள் இருந்தாள், அவர் இருந்தார், பேத்தி திரைக்குப் பின்னால் இருந்தாள். சொல்ல வேண்டிய எல்லாரும் இருந்தார்கள். "சரி தம்பி, போயிட்டு வாங்க" என்றேன்.

இத்தனைக்குப் பிறகும் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று எனக்கு நிச்சயம் இல்லை. திறக்க வைத்தது வியாழக்கிழமை நடந்த விஷயம். மகள் ஆயத்த ஆடைக் கூடத்தில் தையல் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறாள். மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவளுக்கு வேலை இல்லை. அந்தக் கண்ணாடி கட்டிலில் இரண்டாக உடைந்து கிடந்தது. கீழ்வீட்டு அக்காவின் பேத்தி அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள் என்று என் பேத்தி சொன்னாள். அந்தப் பெண் இல்லவே இல்லை என்று அழுதாள். அவள் அம்மா எல்லார் முன்னாலும் அவளை அடித்தாள். அந்தப் பெண் அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் பேத்தியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டு, நிஜத்தைச் சொல்லு என்றேன்.

அவள் கட்டுப்போட்ட கையோடு என்னை நிமிர்ந்து பார்த்து, "நான்தான் பாட்டி உக்காந்தேன். யாரும் பாக்கல" என்றாள். பயந்த மாதிரியே இல்லை. அதன் பிறகு என் பக்கத்தில் வந்து ரகசியமாக, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க பாட்டி. நீங்க சொன்னா எல்லாரும் நம்புவாங்க. நான் உங்களுக்காகச் சொன்னேன்ல?" என்றாள்.

எத்தனையோ பஞ்சாயத்துக்கு நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அவள் என்னிடம் கேட்டது நியாயமான கணக்கு.

முதலில் கீழே போய், உட்கார்ந்தது என் பேத்திதான் என்று அந்தப் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் சொன்னேன். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் மகளிடம் ஊஞ்சல் விஷயத்தைச் சொன்னேன். உடைந்த கண்ணாடியை நூலால் கட்டிப் போட்டிருந்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"ஊஞ்சல்ல யாரு?"

"நான்தான்."

"நீங்களா? எதுக்கும்மா?"

நான் பரணில் இருந்த செருப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் கொக்கியைத் தடவிப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையிடம் போய்ப் புருவத்துத் தையலைப் பார்த்துவிட்டு வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவர் கையைத் தட்டிவிட்டேனேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகவில்லை.

அன்று மதியம் நான் டயர் கடைக்குப் போனேன். நான்கைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர், "ஏணி, உன் ஜட்ஜம்மா வந்திருக்காங்க. இப்ப யாரை உள்ள தள்ளப் போறாங்களாம்?" என்றார். எனக்கு அது வேண்டியதுதான். ஏணி தண்ணீர்த் தொட்டியில் டியூப்பை முக்கி எங்கே காற்றுக் கசிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தனியே வரச் சொல்லிச் சொல்லலாம் என்றுதான் போனேன். ஆனால் பொய்யை நான்கு பேர் கேட்கச் சொன்னேன், நிஜத்தை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொல்வது முறை இல்லை. அதனால் எல்லாரும் கேட்கும்படியே சொன்னேன். ஊஞ்சலில் ஆடினது நான், பட்டது என் கால், உங்களிடம் ஆமா என்று சொன்னது பொய் என்று சொன்னேன்.

ஏணி கையை விடாமல் டியூப்பைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்தார். குமிழி வந்துகொண்டே இருந்தது.

"அப்ப என் பந்து எங்க விழுந்துச்சு பாட்டி?"

"மணல்ல."

"யார் மேலயும்..."

"யார் மேலயும் படல."

"பக்கத்துல கூட?"

"பத்தடி தள்ளி."

அவர் அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். என்மேல் கோபப்படுவார், படட்டும் என்றுதான் நின்றேன். அவர் அதையே மறுபடியும் கேட்டார், நானும் மறுபடியும் சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டார். என்னிடம் இருந்து அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதுவரை போன பத்து நாட்களில் எப்போது வேண்டுமானாலும் அதை நான் கொடுத்திருக்கலாம். நான் கிளம்பும்போது, "ஏறுங்க பாட்டி, வெயில்ல நடக்காதீங்க" என்று தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். தெருமுனையில் என்னை இறக்கிவிட்டார். "இத்தனை நாளா நான் பூங்கா பக்கமே போகல. வேற தெரு வழியா சுத்திக்கிட்டுத்தான் போனேன்" என்றார். அதன் பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இன்று சனிக்கிழமை காலை நானாகவே நிலையத்துக்கு வந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இத்துடன் என் வலது கால் செருப்பை ஒப்படைக்கிறேன். கொக்கியின் வளைவும் குழந்தையின் தையலும் ஒன்றாக இருப்பதை டாக்டரிடமோ எங்கள் குடியிருப்பில் இருக்கும் நர்சம்மாவிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நர்சம்மா முதல் நாளே சரியாகச் சொன்னார்.

எனக்கு என்ன தண்டனை உண்டோ அதைப் பற்றி நான் கேட்கவில்லை. மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். நாளை மறுநாள் திங்கட்கிழமை. அதற்குள் இந்தத் தாளின் நகல் ஒன்றை மேற்படி பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியைக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்து அனுப்ப ஆள் இல்லை என்றால் நானே கொண்டுபோய் அவர் முன்னால் நின்று படித்துக் காட்டுகிறேன். வாலிபால் மைதானத்துப் பூட்டைத் திறக்க வேண்டும். அந்த மனுவில் முதலில் இருக்கும் கையெழுத்தை நான் அடித்துவிட்டேன். மற்ற இருபத்து மூன்று வீட்டிலும் இன்று சாயங்காலம் படியேறிச் சொல்வேன். குழந்தையை மறுபடி விசாரிக்க வேண்டி வந்தால், அவள் அம்மா பக்கத்தில் இருக்கட்டும். நான் அறைக்கு வெளியே இருக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லப் பழகிவிட்டாள்.

என் முதல் வாக்குமூலத்தைக் கிழித்துவிட வேண்டாம். இதோடு சேர்த்துக் குத்திவையுங்கள். இரண்டிலும் இருப்பது ஒரே கையெழுத்துத்தான்.

மேலே உள்ளதெல்லாம் நான் செய்தது, நான் பார்த்தது, நான் சொன்னது. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. திரும்ப ஒரு தடவை படித்துப் பார்க்கிறீர்களா பாட்டிம்மா என்று மேடம் கேட்டார். வேண்டாம் என்றேன். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

(கையெழுத்து)
குழந்தையின் பாட்டி